ஏழாவது திரைக்கு அடியில் மாட்டிக்கொண்ட விண்ணப்பம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய கடைவரிசையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கைப்பேசிக்குத் திரை மாற்றுவது, போட்டோஸ்டேட், அச்சு, அப்புறம் இணையத்தில் நிரப்ப வேண்டிய பாரங்களை நிரப்பிக் கொடுப்பது. ஈப்போவுக்கு வடக்கே, செம்பனையும் பால்மரமும் சூழ்ந்த ஊர் இது. இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்தவர்களும்தான் என் கடைக்கு அதிகம் வருகிறவர்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு அகப்பக்கத்தில் ஒரே ஒரு பொத்தானை அடைய முடியாமல் ஒரு குடும்பம் மூன்று இரவு பட்ட பாட்டைப் பற்றி. அந்தப் பக்கத்தை நடத்துகிற அமைப்பின் பெயரை இங்கே சொல்லவில்லை, இதே தவற்றைச் செய்கிற பக்கங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். கைப்பேசியைத் திருகாணி வரைக்கும் கழற்றிப் பார்ப்பதுபோல இதையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் ஓர் அக்காவும் அவர் மகளும் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். அக்காவுக்குத் தோட்டத்தில் உரம் போடுகிற வேலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மகளை ஏற்றிக்கொண்டு நேராக வந்திருக்கிறார். வந்ததும் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, திரை போயிடுச்சு போல, மாத்தணும்னா எவ்வளவு ஆகும், சம்பளம் வந்தப்புறம் தந்தா சரியா?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்டேன். தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஓர் உபகாரச் சம்பளம் இருக்கிறதாம், படிவம் 5 முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாமாம், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவோடு முடிகிறதாம். மூன்று இரவாக முயற்சி செய்கிறார்கள், பக்கம் கீழே போகவே மாட்டேன் என்கிறதாம். மகள் மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணே, மத்ததெல்லாம் நல்லாத்தான் போகுது. இது மட்டும்தான். கூடப் படிச்சவ போன்ல பட்டன் வந்துச்சாம். எனக்குத்தான் செய்யத் தெரியலையோன்னு நினைச்சேன்."

அந்தக் கடைசி வரிதான் என்னை இதை எழுத வைத்தது. படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்பிஎம் தேர்வை எழுதி முடித்த பிள்ளை அவள். ஒரு பக்கத்தைக் கீழே தள்ளத் தெரியாது என்று தன்னைப் பற்றியே நினைக்கும் நிலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டது ஓர் அலங்காரம்.

சரி, முதலில் திரையைத்தான் சந்தேகப்பட்டேன், என் தொழில் அது. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ளே போனால் விரல் எங்கே போகிறது என்பதைத் திரையில் கோடாகப் போட்டுக் காட்டுகிற ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு விரலால் மேலிருந்து கீழே, மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்தேன். கோடு எங்கேயும் அறுபடவில்லை. திரை நல்ல திரை. மாற்றியிருந்தால் அக்காவின் காசு வீணாகப் போயிருக்கும், பாரமும் வந்திருக்காது.

அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். விடியற்காலைத் தோட்டம் ஒன்றின் படம் திரை முழுக்க வருகிறது, அழகான படம்தான். விரலை லேசாகத் தள்ளினால் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் பக்கம் தானாகவே புறப்பட்டு, விரலை எடுத்த பிறகும் ஓடி, அடுத்த படத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் நிறுத்த முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டால் கேட்காது. இப்படி ஏழு திரை. ஏழாவது திரையில்தான் யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன இணைக்க வேண்டும் என்ற பட்டியல், அதற்குக் கீழே விண்ணப்பப் பொத்தான். அக்காவின் கைப்பேசியில் பட்டியல் பாதியில் அறுந்து நிற்கிறது. பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் தெரிகிறது, அதற்குப் பிறகு திரையின் விளிம்பு. மேலே தள்ளினால் பக்கம் அசையாது, கீழே இழுத்தால் ஆறாவது திரைக்கு ஓடிவிடும். பொத்தான் இருக்கிறது, அதற்குப் போகும் வழிதான் இல்லை.

தோழியின் கைப்பேசியில் எப்படி வந்தது என்பது பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கடையில் விற்பனைக்கு இருந்த ஒரு கைப்பேசியில் திறந்தேன், அதில் பொத்தானின் மேல்பாதி எட்டிப் பார்த்தது. இரண்டு கைப்பேசிகளுக்கும் திரை அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எழுத்து வித்தியாசம் கண்ணில் பட்டது. கண்ணாடி போடாமல் படிப்பதற்காக அக்கா எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். அந்த வீட்டில் டேட்டா உள்ள கைப்பேசி அது ஒன்றுதான், மகளும் அதில்தான் எல்லாம் பார்க்கிறாள். எழுத்து பெரிதானதால் பட்டியல் நீண்டது, நீண்ட பட்டியல் பொத்தானைத் திரைக்குக் கீழே தள்ளியது. சாதாரணப் பக்கமாக இருந்தால் இன்னொரு தடவை விரலைத் தள்ளினால் போதும், முடிந்தது கதை. இங்கே அந்த இன்னொரு தடவையைத்தான் பறித்துவிட்டார்கள்.

கேபிள் போட்டுக் கைப்பேசியைக் கணினியோடு இணைத்தால், கைப்பேசியில் திறந்திருக்கும் பக்கத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் கணினியின் குரோமில் பார்க்கலாம். பார்த்தேன். மூன்று காரியம் சேர்ந்து இந்த வேலையைச் செய்திருந்தது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் பக்கம் செய்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு இதுதான் உபயோகம்.

முதலாவது, பக்கத்தின் உடம்புக்கே ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டிருந்தார்கள். அதாவது, திரைக்கு வெளியே போகிற எதையும் மறைத்துவிடு, ஸ்க்ரோல் வேண்டாம் என்ற கட்டளை. இரண்டாவது, ஒவ்வொரு பகுதிக்கும் உயரம் சரியாக 100 விஎச், அதாவது திரையின் முழு உயரம், அதற்கு ஓர் இம்மிகூடக் கூடாது. வடிவமைத்தவரின் பெரிய திரையில் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் 100 விஎச் என்பது மேலே உள்ள முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது கிடைக்கிற உயரம். பக்கம் நிஜமாக ஸ்க்ரோல் ஆனால்தான் அந்தப் பட்டை மறையும். இங்கேதான் ஸ்க்ரோலே இல்லையே, அதனால் பட்டை போவதே இல்லை, அந்தப் பட்டையின் உயரம் அளவுக்கு ஒவ்வொரு பகுதியின் அடியும் எப்போதும் வெட்டுப்பட்டே இருக்கிறது. என் கடைக் கைப்பேசியில் பாதிப் பொத்தான் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். தோழியின் கைப்பேசியில் பொத்தான் வந்தது என்றால் அதுவும் பாதிதான் வந்திருக்கும். இந்தத் தொல்லை தெரிந்துதான் 2022இல் உலாவிகள் டிவிஎச், எஸ்விஎச் என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தன, டிவிஎச் பட்டை வந்து போவதற்கு ஏற்ப மாறும், எஸ்விஎச் பட்டை இருக்கும்போது கிடைக்கிற உயரம். அவற்றை இவர்கள் தொடவில்லை.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். தொடுகையையும் மவுஸ் சக்கரத்தையும் பிடித்துக்கொள்கிற ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தோடு சேர்ந்து ஓடுகிற நிரல். நாம் பக்கத்தைத் தள்ளும்போது சாதாரணமாக அதை நகர்த்துவதற்கு உலாவிக்குள்ளே கம்போசிட்டர் என்று தனியாக ஓர் இழை ஓடுகிறது. பக்கத்தின் மற்ற வேலைகள் திணறிக்கொண்டிருந்தாலும் இது விரலோடு ஒட்டி நகரும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 தடவை தன்னைப் புதுப்பிக்கிறது, ஒரு தடவைக்கு 16.7 மில்லி நொடிதான் நேரம், அதற்குள் வேலை முடிந்தால்தான் விரலுக்கும் பக்கத்துக்கும் இடைவெளி தெரியாது. பக்கத்தின் நிரல் குறுக்கே புகுந்து "நில், இந்தத் தொடுகையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால் நிலைமை வேறு. தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும்போது, கிராணி (கணக்குப்பிள்ளை) பேர் கூப்பிடுகிறவரை எல்லாரும் நிற்பதுபோல ஒவ்வொரு தொடுகையும் அந்த நிரலின் அனுமதிக்காக வரிசையில் நிற்கும். விலையுயர்ந்த கைப்பேசியில் வரிசை சீக்கிரம் நகர்ந்துவிடும். அக்காவின் கைப்பேசி அப்படிப்பட்டது அல்ல. நிரலில் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு ஓட 900 மில்லி நொடி என்று எழுதியிருந்தது, அந்தக் கைப்பேசியில் அது தடுக்கித் தடுக்கி ஒன்றரை நொடிக்கு மேல் போனது, அது முடிகிறவரை எந்தத் தொடுகையும் ஏற்கப்படாது. பக்கத்தைத் தள்ளிக் காட்டும்போது அக்கா "ஆடுது தம்பி" என்று சொன்னது இதைத்தான்.

இது தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லிவிட முடியாது. 2017இல் வந்த குரோம் 56இல், பக்கம் முழுமைக்கும் போடப்படுகிற தொடுகைக் கவனிப்புகள் எல்லாம் பேசிவ் என்று மாற்றப்பட்டன, கவனிக்கலாம், தடுக்க முடியாது. 2019இல் வந்த குரோம் 73இல் மவுஸ் சக்கரத்துக்கும் அதே விதி. ஆகவே இன்றைக்கு ஒருவர் ஸ்க்ரோலை அந்த இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால், பேசிவ் இல்லை என்று வெளிப்படையாக ஒரு வரி எழுத வேண்டும். உலாவி செய்தவர்கள் பூட்டிய கதவை யாரோ கையால் திறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பக்கம் செய்கிறவர் அதைத் தானாக எழுதுவதில்லை, எங்கிருந்தோ எடுத்த ஒரு லைப்ரரிக்குள், அதாவது வேறு யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரலுக்குள், அது இருக்கும், அவர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். 2013இல் ஆப்பிள் தன் மேக் புரோ கணினிக்காக வெளியிட்ட பக்கம் இப்படி ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு காட்சியாக நகர்ந்தது, அதன் பிறகு அந்த மாதிரிப் பக்கங்கள் பெருகிவிட்டன. ஒரு கணினியை அழகாகக் காட்டுகிற விளம்பரத்துக்கு அது பொருந்தலாம் என்று வைத்துக்கொள்வோம். உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்கு அதை எடுத்துப் போடலாம் என்று யாருக்குத் தோன்றியது?

கடையின் கணினிகளிலும் போட்டுப் பார்த்தேன். மவுஸ் சக்கரத்தில் ஒழுங்காகத்தான் போகிறது, சக்கரத்தை ஒரு தடவை உருட்டினால் ஒரு திரை, செய்தவர் இப்படித்தான் சோதித்திருப்பார். மடிக்கணினியின் டச்பேடில் கதை மாறியது. டச்பேடில் விரலை எடுத்த பிறகும் வேகம் குறைந்துகொண்டே சின்னச் சின்ன ஸ்க்ரோல் கட்டளைகள் வந்துகொண்டே இருக்கும், பக்கம் வழுக்கிக்கொண்டு போய் மெதுவாக நிற்பது அதனால்தான். இந்த நிரல் ஓட்டம் முடிந்து கதவைத் திறக்கும்போது அந்த வால் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அதைப் புதுத் தள்ளல் என்று எண்ணிக்கொண்டு இன்னொரு திரை தாவுகிறது. மூன்றாவது திரையைப் படிக்க வேண்டுமென்றால் நான்குக்குப் போய்த் திரும்பி வர வேண்டும், சில சமயம் திரும்பும்போது இரண்டுக்குப் போய்விடும். ஸ்பேஸ் விசை வேலை செய்யவில்லை, பேஜ் டவுன் வேலை செய்யவில்லை. கண்ட்ரோல் எஃப் போட்டு, பொத்தானில் இருக்கும் மலாய்ச் சொல்லான "மோஹோன்" என்பதைத் தேடினேன், உலாவி அங்கே போக முயற்சி செய்து இரண்டு பகுதிகளுக்கு நடுவில் பாதிப் பாதியாகப் பக்கத்தை நிறுத்தியது.

கடைசியில் வழி கிடைத்தது டேப் விசையில். டேப் அடித்துக்கொண்டே போனால் உலாவி ஒவ்வொரு இணைப்பாகத் தாவும், மறைந்திருக்கிற இணைப்பையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிடும், ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டிருந்தாலும்கூட. அப்படிப் பொத்தான் வந்தது, எண்டர் அடித்தேன், விண்ணப்பப் பாரம் திறந்தது. அந்தப் பாரம் இருந்த பக்கம் சாதாரணப் பக்கம், விரலுக்குக் கட்டுப்பட்டு நேராகப் போகிற பக்கம், அதில் எந்தக் கோளாறும் இல்லை. அதன் முகவரியை வாட்ஸ்அப்பில் அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பினேன், பெரிய எழுத்திலேயே அழகாகத் திறந்தது. மகள் அங்கேயே உட்கார்ந்து தானே நிரப்பினாள். ஐசி (அடையாள அட்டை) நகல், பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் பே ஸ்லிப் மூன்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினோம். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று இரவு அலைந்த வேலை.

டேப் விசை தெரியாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, கணினியில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கழித்தல் விசையை அடித்து 50 விழுக்காட்டுக்குக் குறைத்தால் எழுத்து சின்னதாகி எல்லாம் திரைக்குள் வந்துவிடும். ஆனால் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், கணினி ஏது?

அதே பக்கத்துக்காக அந்த வாரம் வந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பேத்திக்காகப் பார்க்க வந்தார். கணினியில் திறந்து கொடுத்தேன், நான்காவது திரை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். "தலை சுத்துது தம்பி, நீயே பாரு." அவருக்கு ஏற்கெனவே தலைச்சுற்றல் உண்டு, காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறு என்று டாக்டர் சொன்னாராம். அப்படிப்பட்டவர்களுக்குக் கண் முன்னால் பெரிய படங்கள் தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் ஓடுவது நிஜமான உடல் தொல்லை, மயக்கம், குமட்டல் வரைக்கும் போகும். இதற்காகவே கைப்பேசியிலும் கணினியிலும் அசைவைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது, அது போட்டிருக்கிறதா என்று பக்கமே உலாவியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். சஃபாரியில் 2017இலும் குரோமில் 2019இலும் வந்துவிட்ட வசதி. அதைப் போட்டுவிட்டு மறுபடி திறந்தேன். பக்கம் கேட்கவே இல்லை, அதே ஓட்டம்.

எழுத்து விஷயத்துக்கு விதி இன்னும் பழையது. 2008இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 என்ற அணுகல் வழிகாட்டியிலேயே, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ இழக்கப்படக் கூடாது என்று இருக்கிறது. கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக வைப்பார்கள் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

அந்த அமைப்புக்கு அன்று இரவே மின்னஞ்சல் எழுதினேன், கைப்பேசியில் நடப்பதைக் காணொளியாக எடுத்து இணைத்தேன், கடைசி நாள் மறுநாள் என்பதால் பாரத்தின் நேரடி முகவரியை முதல் திரையிலேயே போடச் சொல்லிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதில் வரவில்லை. திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அலுவலகத்தில் எல்லாருடைய கைப்பேசியிலும் நன்றாகத் தெரிகிறது என்றார், வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்தது, கதை சொல்வதுபோல இருக்க வேண்டும் என்று கேட்டுச் செய்ய வைத்தோம் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: தொலைபேசியை வைக்காமல், உங்கள் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "பொத்தானைக் காணோமே" என்றார்.

அந்த வாரத்துக்குள் முதல் திரையின் மேல் மூலையில் விண்ணப்ப இணைப்பு வந்துவிட்டது. முடிவு தேதியை நீட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்காவும் மகளும் திரை கெட்டுவிட்டது என்று நினைத்தாவது கடைக்கு வந்தார்கள். வராமலே விட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள், ஏனென்றால் அனுப்பப்படாத விண்ணப்பத்துக்குப் பதிவு கிடையாது.

பக்கத்தைச் செய்த நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லி ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். தொடுகையையும் சக்கரத்தையும் பிடிக்கிற நிரலை முழுதாக எடுத்துவிடுங்கள். உயரம் 100 விஎச் என்று இருப்பதைக் குறைந்தபட்ச உயரம் என்று மாற்றுங்கள், உள்ளே இருப்பது நீண்டால் பகுதியும் நீளட்டும். ஒவ்வொரு பகுதியும் திரையில் பொருந்தி நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற சிஎஸ்எஸ்ஸிலேயே ஸ்க்ரோல் ஸ்னாப் இருக்கிறது, அதில் எப்போதும் ஒட்டியே நிறுத்துகிற மேண்டட்டரி வேண்டாம், பிராக்சிமிட்டி போடுங்கள், எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் ஒட்டும், நடுவில் நிற்க நினைக்கிறவரை இழுக்காது. படங்கள் ஸ்க்ரோலுக்கு ஏற்ப மங்கி மாற வேண்டுமென்றால், 2023இலிருந்து குரோமில் ஸ்க்ரோலின் நிலையைப் பார்த்து அசைகிற அனிமேஷனை சிஎஸ்எஸ்ஸிலேயே எழுதலாம், அது ஸ்க்ரோலைப் பின்தொடருமே தவிரக் கையில் எடுத்துக்கொள்ளாது. கதை சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு வேகமாகக் கேட்பது, எங்கே நின்று திரும்பிப் படிப்பது என்பதெல்லாம் கேட்கிறவர் கையில் இருக்கட்டும்.

இதை எழுதும்போது மறுபடி திறந்து பார்த்தேன். இணைப்பு மேலே இருக்கிறது, ஏழு திரையும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன, ஏழாவதில் பட்டியல் அதே இடத்தில் அறுந்து நிற்கிறது.

விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று மகளுக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் அக்கா தனியாக வந்தார். கைப்பேசியை எடுத்து நீட்டி, "எழுத்தைப் பெரிசா வெச்சதாலதான் பாரம் வரலைன்னு மவ சொன்னா. சின்னதா ஆக்கிடு தம்பி, அவளுக்கு இன்னும் நிறைய இடத்துல போடணும்" என்றார். அவர் முன்னாலேயே ஒரு தடவை சின்னதாக வைத்துக் காட்டினேன். கையை நீட்டிக் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, முதல் வரியைப் படிக்கப் பார்த்தார். "பழகிடும்லா" என்றார். இல்லக்கா, இது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, பழையபடி பெரிதாக வைத்துக் கொடுத்தேன்.